எடை

பதினாறு வருடமாகத் தங்கச்சிமடத்தில் பஸ் ஏறி
ராமேசுவரம் கோர்ட்டில் இறங்குகிறேன்.
மடியில் கேஸ் கட்டு.
கட்டுக்குள் எவனோ ஒருவனின் ஒப்புதல் வாக்குமூலம்:

"மேற்படி நான் மேற்படி கடற்கரையில்
மேற்படி சாக்குப்பையுடன் நின்றுகொண்டிருந்த சமயம்…"

கடல் அட்டைக்கு முங்குகிறவன் பவுல்ராசு.
ஒரு பேச்சை அவன் முழுதாக முடித்து நான் கேட்டதில்லை,
பாதியில் விட்டு முங்கிவிடுவான்.
அவன் எப்போது 'மேற்படி' கற்றான்?
ஒரு ராத்திரியில், லாக்கப்பில்,
இத்தனை நல்ல தமிழ்.

போலீசிடம் சொன்னது சாட்சியம் ஆகாது.
பொருள் கிடைத்தால்
கிடைக்கச் செய்த அந்த ஒரு வரி மட்டும் ஆகும்.
அதனால் பொருள் எப்படியும் கிடைத்துவிடுகிறது.

மகஜரில் சாட்சிகள் இருவர்:
கிராம நிர்வாக அலுவலர், அவருடைய உதவியாளர்.
வடகடலோரம் விடிகாலை நாலு மணிக்குத்
தற்செயலாக நடந்து வந்தார்களாம்.
அன்றைக்கு வாடையா, கச்சானா என்று கேட்டேன்.
"காத்து இருந்திச்சு" என்றார்.

மீன் வாங்கப் போனாலும் கேட்கிறார்கள்,
பூசை முடிந்து வெளியே வந்தாலும்:
செஞ்சவனுக்குமா சார் வாதாடுவீங்க?
ஆமாம். பாதிப்பேர் செய்தவர்கள்தான்.
யார் யார் என்று சொல்ல மாட்டேன்.
அவனிடம் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் என் கேள்வி,
அந்த வழி நாளை உன் வாசலுக்கும் வரும் என்பேன்.
சொல்லிச் சொல்லி எனக்கே அது
கல்யாண வீட்டுப் பேச்சாகிவிட்டது.

ஐப்பசியில் நாங்கள் ஓரியூர் போயிருந்தபோது
வீட்டில் திருட்டு.
ஜெசிந்தாவின் சங்கிலி, மூன்றரைப் பவுன்,
பதக்கத்தில் மாதா.
ஸ்டேஷனில் ரைட்டர் நாற்காலி இழுத்துப் போட்டார்.
யார் மேலயாவது சந்தேகம் சார்?

மோட்டார் ரிப்பேருக்கு வந்த பையன் என்றேன்.
நம்புக்குமார் என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.

நாலாம் நாள் கூப்பிட்டார்கள்.
மேசையில் சங்கிலி.
சுவரோரம் அவன்,
பாதம் தரையில் படாமல்
கால்களை ஒருக்களித்து வைத்து உட்கார்ந்திருந்தான்.
என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்,
மரியாதைக்கு.

சங்கிலியைக் கையில் எடுத்தேன்.
மாதா இல்லை. கொக்கி வேறு.
எங்களுடையது இல்லையே என்றேன்.
இன்ஸ்பெக்டர் அன்பாகத்தான் சொன்னார்:
"மூன்றரைப் பவுன் சார்.
எடை சரியாத்தான இருக்கு."

வாக்குமூலம் எழுதி முடிந்திருந்தது.
மேற்படி நான், மேற்படி வீட்டில்.
என் கதவு எண் பிழையில்லாமல் இருந்தது.
சாட்சிகள் இருவரும்
எங்கள் தெரு வழியாகவும் தற்செயலாக வந்திருக்கிறார்கள்.

புகார் கொடுத்தவன் நான்,
அவனுக்கு நான் ஆஜராக முடியாது.
இரண்டு வருடம் கழித்துக் கூண்டில் ஏறினேன்,
அரசுத் தரப்பு முதல் சாட்சியாக.
குற்றம் சாட்டப்பட்டவனுக்குச் சட்டத் தமிழில் பெயர் 'எதிரி'.
அன்றுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.
எதிரியைத் தெரியுமா என்றார்கள்.
தெரியும், மோட்டாரை நன்றாகச் சரிசெய்வான் என்றேன்.
சங்கிலி என் வீட்டுடையது இல்லை என்றேன்.
அரசு வழக்கறிஞர், என் நண்பர்தான்,
என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கும்படி
எழுந்து நின்று கேட்டுக்கொண்டார்.

விடுதலை.
தீர்ப்பில் என் பெயர் நாலு இடத்தில் வருகிறது.
நான் சொன்ன அந்த ஒரு பெயரை
நான்தான் சொன்னேன் என்று எந்த இடத்திலும் இல்லை.

அந்தச் சங்கிலி இன்னும் கோர்ட்டில் இருக்கிறது,
ஒரு சொத்து எண்ணோடு, துணிப்பைக்குள்.
அது யார் கழுத்தில் கிடந்தது என்று
ஒருவரும் கேட்கவில்லை. நானும்.

மோட்டார் மறுபடி பழுது.
வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்கிறாள் ஜெசிந்தா.
கூப்பிடவில்லை.
காலையில் பஸ்ஸுக்கு முன்னால்
கிணற்றில் வாளி விட்டு இறைக்கிறேன்.